அதுக்கு வலிச்சிருக்குமா?

வணக்கம் சார்,

எனக்கு 46 வயது. கோவையில் கணக்குத் தணிக்கை வேலை. சில வருடங்களாக விபாசனா தியானம் செய்கிறேன், பத்து நாள் முகாமுக்கும் போயிருக்கிறேன். கோபம் குறைந்திருக்கிறது. தூக்கம் நன்றாக வருகிறது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு நாய்க்குட்டி காரில் அடிபட்டுச் செத்துப்போனது. என் மகளுக்கு எட்டு வயது. தினமும் அதற்கு பிஸ்கட் போடுவாள். அழுதுகொண்டே வந்து, “அதுக்கு வலிச்சிருக்குமாப்பா?” என்று கேட்டாள். நான், “எல்லாம் அநித்தியம் கண்ணு, பொறந்தது எல்லாம் ஒருநாள் போகும்” என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்விட்டாள். எனக்கு எதுவுமே தோன்றவில்லை. அதுதான் இப்போது பயமாக இருக்கிறது.

சின்ன வயதில் மாரியம்மன் நோம்பிக்கு, வீட்டில் வளர்த்த கிடாயை வெட்டியபோது சாப்பிடாமல் கிடந்தவன் நான். எறும்பு எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே போய்ப் பள்ளிக்கூடத்துக்கு லேட்டானவன். தியானம் என்னை மரத்துப்போக வைத்துவிட்டதா? அந்தப் பையனாக மறுபடியும் ஆக முடியுமா, இல்லை இது வெறும் ஏக்கமா? இன்னொரு முகாம் போகலாமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

உங்கள் பயம் நியாயமானது. அதை அவசரப்பட்டு சமாதானப்படுத்திவிடாதீர்கள்.

5ஆம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில், மகாவிகாரையில் இருந்து எழுதிய பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், மைத்ரி (எல்லா உயிரிடமும் அன்பு), கருணை, முதிதை (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேட்சை என்னும் நான்கு நிலைகளை விசுத்திமார்க்கம் என்ற நூலில் விரிவாக விளக்குகிறார். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பகைகள் உண்டு என்கிறார். ஒன்று தூரத்துப் பகை, நேர் எதிரானது. கருணைக்குக் கொடுமை அப்படி. அது வந்தால் உடனே தெரிந்துவிடும். இன்னொன்று பக்கத்திலேயே இருக்கும் பகை. பார்க்க அசலைப் போலவே இருக்கும். உபேட்சை, அதாவது எதிலும் நிலைகுலையாத சமநிலை, அதற்குப் பக்கத்துப் பகையாக அவர் சொல்வது அறியாமையில் பிறக்கும் கண்டுகொள்ளாமை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இரண்டு பேருமே பதறமாட்டார்கள், அழமாட்டார்கள். ஆனால் ஒருவருக்கு எதிரில் இருப்பவரின் வலி முழுக்கத் தெரிகிறது, மற்றவருக்குத் தெரியவே இல்லை. அன்றைக்கு உங்களுக்கு வந்தது இந்த இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன். தியானம் உங்களைக் கெடுத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. தியானம் செய்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஆபத்து உண்டு என்று சுமார் 1500 வருடங்களுக்கு முன்பே தெரிந்து எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது பெரிய ஆறுதல்.

இனி உங்கள் மகளின் கேள்வி. உதானம் என்ற பாலி நூலில் ஒரு சின்னச் சம்பவம் வருகிறது. சாவத்தி நகருக்கும் ஜேதவனத்துக்கும் இடையில் சில சிறுவர்கள் மீன்களை வதைத்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். பிச்சைக்குக் கிளம்பிய புத்தர் அவர்களிடம் போய், “பிள்ளைகளே, உங்களுக்கு வலி என்றால் பயமா? வலி பிடிக்காதா?” என்று கேட்கிறார். “ஆமாம், பயம்தான். பிடிக்காது” என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அறிவுரை வருகிறது. வலி என்றால் என்ன என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் உடம்பிலிருந்தே தெரியும். அந்த அறிவை மீன் வரைக்கும் நீட்டிப் பார்க்கச் சொல்கிறது அந்தக் கேள்வி. யாரும் கேட்காமலே உங்கள் மகள் அதை நாய்க்குட்டி வரைக்கும் நீட்டிவிட்டாள். “அதுக்கு வலிச்சிருக்குமா?” என்பதில் ஆர்வமும் கருணையும் தனித்தனியாக இல்லை. எறும்பின் பின்னால் போன பையனும் கிடாய்க்காகச் சாப்பிடாமல் கிடந்த பையனும் ஒரே ஆள்தானே? அந்த உயிருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள விரும்புவது, இரண்டுக்கும் அதுதான் வேர்.

ஆனால் அந்த மீன்களை வதைத்தவர்களும் பிள்ளைகள்தான். நம் ஊர்ப் பிள்ளைகள் ஓணானைக் கல்லால் அடிப்பார்கள், தும்பி வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவார்கள். காலையில் தும்பியை வதைத்த பையன் சாயங்காலம் கன்றுக்குட்டிக்காக அழுவான். குழந்தை மனம் தூய்மையானது, அதற்குத் திரும்பிவிட்டால் போதும் என்று இப்போது நிறையப் பேர் பேசுகிறார்கள். புத்தர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. உடலாலும் சொல்லாலும் எண்ணத்தாலும் பிழைப்பாலும் தீமை செய்யாதவனே முழுமை பெற்றவன் என்று உக்காகமானர் என்ற பரிவிராஜகர், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, சொன்னதாக ஒருவர் புத்தரிடம் வந்து சொல்கிறார். அப்படியானால் மல்லாந்து கிடக்கும் பச்சைக் குழந்தையும் முழுமை பெற்றதுதான் என்கிறார் புத்தர். அதற்குக் கைகாலை உதைக்கத்தான் தெரியும், அழத்தான் தெரியும், தாய்ப்பால்தான் பிழைப்பு, தீமைக்கு வழியே இல்லையே! புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தில் 78ஆவது சூத்திரம் இது. அதனால் அந்தப் பையனாக மறுபடி ஆக முடியுமா என்ற கேள்விக்கு என் பதில், முடியாது, தேவையும் இல்லை என்பதுதான்.

அப்படியானால் அந்தப் பையனால் பயனே இல்லையா? இருக்கிறது. அதற்கும் புத்தரே சாட்சி. கடுந்தவத்தால் வயிற்றுத் தோல் முதுகெலும்போடு ஒட்டி, தடவினால் உடம்பு முடி உதிரும் நிலைக்கு அவர் வந்திருந்தார். இதைவிடக் கடுமையாக யாரும் தவம் செய்திருக்க முடியாது, ஆனாலும் எதுவும் கிடைக்கவில்லை, வேறு வழி இருக்குமா என்று யோசிக்கும்போது அவருக்கு வந்தது ஒரு பழைய நினைவு. அப்பா வேலையில் இருக்க, நாவல் மரத்தின் குளிர்ந்த நிழலில் உட்கார்ந்தபோது மனம் தானாகவே அடங்கி மகிழ்ந்த நினைவு. உழவுத் திருநாளில் நடந்தது என்றும், அவர் அப்போது சின்னக் குழந்தை என்றும் பிற்கால உரைகள் சொல்கின்றன. இதுவே வழியாக இருக்குமோ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார். அப்புறம் இன்னொரு கேள்வி: ஆசையோடும் தீமையோடும் சம்பந்தமில்லாத இந்தச் சுகத்தைக் கண்டு நான் ஏன் பயப்படுகிறேன்?

சச்சகர் என்பவரிடம் அவரே சொன்னதாக வரும் இந்தப் பகுதியை எத்தனை தடவை படித்தாலும் இந்தக் கேள்வியில் வந்து நின்றுவிடுகிறேன். அவர் குழந்தையாகத் திரும்பிப் போகவில்லை. தான் வளர்ந்த கபிலவஸ்துவுக்கும் போகவில்லை. சோறு சாப்பிட்டார். இவன் சொகுசுக்குத் திரும்பிவிட்டான் என்று கூட இருந்த ஐந்து பேரும் விட்டுப் போனார்கள். பிறகு உட்கார்ந்தார். அந்த நினைவு அவருக்குச் செய்தது ஒன்றுதான்: தான் எதைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறோம் என்று காட்டியது.

உங்களுக்கும் இதே கேள்விதான் தேவை என்று தோன்றுகிறது. அவர் பயந்தது சுகத்துக்கு. நீங்கள் எதற்குப் பயந்தீர்கள்? வெட்டுப்பட்ட கிடாய்க்காக அழுத பையனிடம் வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள்? “ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழுவாங்களா, சாமிக்குத்தானே” என்றிருப்பார்கள். நான் ஊகிக்கிறேன், தவறாக இருக்கலாம். அந்த வயதில் நாம் தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்கு ஒரு கதவைச் சாத்திக்கொள்கிறோம். பல வருடம் கழித்து தியானத்தில் அமைதி கிடைக்கும்போது, அது கதவுக்கு இந்தப் பக்கத்து அமைதிதான் என்பது தெரிவதில்லை. “எல்லாம் அநித்தியம்” என்று நீங்கள் சொன்னது மகளுக்காகவா, அந்தக் கதவுக்காகவா? இதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அநித்தியம் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லவும் ஒரு முறை இருக்கிறது. இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்த கிசா கோதமியிடம் புத்தர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. சாவே நடக்காத வீட்டிலிருந்து கொஞ்சம் கடுகு வாங்கி வா என்றார். அவள் வீடுவீடாகப் போனாள். கடுகு எல்லா வீட்டிலும் இருந்தது, சாவும் இருந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் தன் இழப்பைச் சொல்ல, அவள் கேட்டாள். உண்மை அவளுக்குத் தானே விளங்கியது. அதே நேரம், துக்கப்பட்ட அத்தனை பேரோடும் அவள் சேர்ந்துவிட்டாள். நீங்கள் மகளிடம் சொன்னது அதே உண்மைதான், ஆனால் அவளைத் தனியாக்கிவிட்டது.

நம் மணிமேகலையில் வரும் ஆபுத்திரனையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொம்பில் மாலை சுற்றி வேள்விக்குக் கட்டி வைத்த பசுவைப் பார்த்து இளம் வயதில் நடுங்கி அழுதவன் அவன். இரவில் அதை அவிழ்த்துக்கொண்டு போனான், பிடிபட்டு அடிவாங்கினான், பசுத் திருடன் என்று பிச்சைப் பாத்திரத்தில் கல்லைப் போட்டார்கள். மதுரைக்குப் போய் என்ன செய்தான் தெரியுமா? கண் தெரியாதவர்களையும் காது கேளாதவர்களையும் நடக்க முடியாதவர்களையும் கூப்பிட்டு, தான் வாங்கிய பிச்சையை அவர்களுக்குப் போட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டான். அமுதசுரபி கைக்கு வந்தது அதற்கப்புறம்தான். சின்ன வயது இரக்கம் பலருக்கு அழுகையோடு முடிந்துவிடும். அவன் அதற்கு தினசரி வேலை கொடுத்துவிட்டான்.

மகளிடம் இன்றைக்கே பேசுங்கள். “அன்னிக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலை. வலிச்சிருக்கும் கண்ணு” என்று தொடங்கினால் போதும். அடுத்து அவள் என்னென்னவோ கேட்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். கிடாயைப் பற்றியும் சொல்லுங்கள், அவள் அப்பாவுக்கும் எட்டு வயது இருந்தது என்று அவளுக்குத் தெரியட்டும். தெருவில் இன்னும் நாய்கள் இருக்கும், பிஸ்கட் போட அவளோடு நீங்களும் போகலாம்.

முகாமுக்குத் தாராளமாகப் போங்கள். இந்த முறை பத்தாம் நாளைக் கவனியுங்கள். அன்றைக்குத்தான் மைத்ரி தியானம் சொல்லித் தருகிறார்கள், மௌனமும் அன்றைக்குத்தான் கலைகிறது. ஒன்பது நாள் பேசாமல் இருந்த களைப்பில், வீட்டுக்குப் போகும் பரபரப்பில், பலருக்கு அது நழுவிப் போகிறது. வீட்டுக்கு வந்ததும் மூச்சையும் உடம்பையும் கவனிப்பது தொடரும், மைத்ரி விட்டுப்போகும். தினமும் உட்கார்ந்து எழும்போது கடைசிச் சில நிமிடங்களை அதற்குக் கொடுங்கள். புத்தகோசர் முதலில் தன்னிடமிருந்து தொடங்கச் சொல்கிறார், பிறகு நாம் மதிக்கும் ஒருவர், அப்புறம்தான் மற்றவர்கள். தன்னிடமிருந்து என்னும் இடத்தில், சாப்பிடாமல் கிடந்த அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். சில நாள் அழுகை வரலாம். வந்தால் நிறுத்த வேண்டாம்.