நெற்றியில் சாம்பலோடு வேலைக்குப் போகலாமா?

கேள்வி: காரைக்குடியில் நகைக்கடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கிறிஸ்தவர்களின் தவக்கால நோன்பு தொடங்கும் திருநீற்றுப் புதன் அன்று காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பல் சிலுவையோடு அப்படியே ஆபீஸ் போனேன். மேலாளர், “மதமெல்லாம் வீட்டோட இருக்கட்டும், துடைச்சிட்டு வாங்க” என்றார். துடைத்துவிட்டேன். மனசு ஆறவில்லை. அடுத்த வருஷம் என்ன செய்ய? – ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: துடைத்ததில் பாவம் ஒன்றும் இல்லை அம்மா. நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும் என்று திருச்சபையில் கட்டளை கிடையாது. ஆனாலும் உங்கள் வருத்தம் நியாயமானது.

பிரான்சில் 2004-இல் சட்டம் போட்டு, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மத அடையாளங்களைப் பளிச்சென்று அணிந்து வரக் கூடாது என்றார்கள். நம் வழி வேறு. பொது ஒழுங்குக்கு உட்பட்டு, நம்பிக்கையை வெளிப்படையாகச் சொல்லவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு உரிமை தருகிறது. அதிலும், பட்டை பட்டையாகத் திருநீறு பூசிக் கடை திறக்கிற ஊர் நம்முடையது! நான் தபால் ஆபீஸ் கவுண்டரில் இருந்த காலத்தில், பணம் எடுக்க வரும் ஆச்சிகள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, “இன்னைக்கு ஒங்களுக்கும் விரதமா?” என்று கேட்பார்கள். ஆமாம் ஆச்சி, இன்றிலிருந்து தவக்காலம் என்பேன். யாரும் முகம் சுளித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்றைய பூசையில் வாசிக்கும் நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். நோன்பிருப்பது பிறருக்குத் தெரியாதபடி முகத்தைக் கழுவிக்கொள்ளச் சொல்கிறார் இயேசு. அதைக் கேட்ட கையோடுதான் சாம்பல் பூசிக்கொள்கிறோம். போன வருஷம் குருத்து ஞாயிறன்று கையில் பிடித்த குருத்தோலையை எரித்த சாம்பல் அது. நானும் பாவி, மண்ணுக்குத் திரும்பப் போகிறவள் என்று நாலு பேர் அறிய ஒப்புக்கொள்கிறோம். பீற்றிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? அந்த நெற்றியோடு உட்கார்ந்து, தாலிச்சங்கிலியை அடகு வைக்க வந்தவரிடம் வட்டி எவ்வளவு, எந்தத் தேதி தாண்டினால் ஏலம் என்று ஒளிக்காமல் சொன்னால், அதுவும் விசுவாச அறிக்கைதான்.

சரி, அடுத்த வருஷம். தனியார் நிறுவனம் எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி வைக்கலாம். அதனால் முந்தின நாளே மேலாளரைத் தனியாகப் பாருங்கள். திருநீறு, குங்குமம் வைத்து வருகிறவர்களுக்கும் இதே விதியா சார் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் வாசலிலேயே துடைத்துவிட்டு நிம்மதியாக உள்ளே போங்கள். இல்லை என்றால் துடைக்காதீர்கள்.