வெள்ளைக் குடுவைக்கு என்ன பெயர்?

பூச்சியுண்ணும் தாவரங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் 'ஷ்னெல்ஸ் கோஸ்ட்' என்று சொல்லி ஒரு சர்ரசீனியா (குடுவை போன்ற இலையில் பூச்சி பிடிக்கும் செடி) கிழங்குத் துண்டு விற்றார்கள், நல்ல விலை கொடுத்து வாங்கினேன். இந்த வசந்தத்தில் வந்த மூன்று குடுவைகளும் குட்டையாக, வெளிர் பச்சையாக இருக்கின்றன. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, ஈஸ்ட்ஹாம், லண்டன்

இந்தக் குடுவைகளை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. நீங்கள் கேட்கும் ரகம் சர்ரசீனியா லூக்கோஃபில்லாவைச் சேர்ந்தது. அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையோரச் சதுப்புகளில் வளரும் இந்த இனம் ஆண்டுக்கு இரண்டு முறை குடுவை விடும். வசந்தக் குடுவைகள் பெரும்பாலும் சோடை. உயரமும் வெண்மையும் கோடை முடிந்து வருபவற்றில்தான் தெரியும். பிரித்து நட்ட கிழங்கு வேர் பிடிக்கும்வரை அதுவும் சரியாக வராது. இரண்டாவது இலையுதிர் காலம் வரை பொறுத்திருங்கள்.

அதுவரை செடிக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். பீட்டும் (மக்கிய சதுப்புப் பாசி) பெர்லைட்டும் (பொரித்த எரிமலைக் கல்) சம அளவில் கலந்த மண் போதும், அதில் உரம் சேர்க்கக் கூடாது. மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றுங்கள், டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) 50க்குக் கீழே இருக்கட்டும். குளிர்காலத்தில் மூன்று மாதம் சூடேற்றாத இடத்தில் உறங்க விடுங்கள். நிழலில் வளர்ந்த லூக்கோஃபில்லாவில் வெள்ளை மங்கிப் பச்சை ஏறும். அப்படி வளர்த்த செடியைப் பார்த்து ரகத்தை முடிவு செய்வது வீண்.

நல்ல குடுவை வந்ததும் முதலில் கலப்பினமா என்று பாருங்கள். வெள்ளை முகட்டோடு அடிக்கடி கைமாறுவது ஃபிளாவா என்னும் இன்னொரு சர்ரசீனியா இனமும் லூக்கோஃபில்லாவும் கலந்த மூரெய் என்னும் கலப்பினம். மூடியின் உட்புறத்தை விரலால் தடவுங்கள். லூக்கோஃபில்லா என்றால் குட்டை மயிர்கள் நெருடும், மூடி விளிம்பு அலை அலையாக மடிந்திருக்கும். தடவும்போது வழவழப்பாக இருந்து, மூடியின் காம்பு குறுகி இருபுறமும் பின்னால் சுருண்டிருந்தால் ஃபிளாவாவின் ரத்தம் ஓடுகிறது என்று பொருள்.

அடுத்து நரம்புகள். சாதாரண லூக்கோஃபில்லாவின் வெள்ளையில் சிவப்பு நரம்பு பின்னியிருக்கும். 'ஷ்னெல்ஸ் கோஸ்ட்'டில் நரம்புகள் பச்சை. ஆனால் அலபாமாவின் 'ஹரிகேன் கிரீக் வைட்' செடிகளும் ஏறக்குறைய இதே தோற்றம்தான், குழப்பமே அங்கேதான். இரண்டையும் பிரித்துக் காட்டுவது பூ. 'ஷ்னெல்ஸ் கோஸ்ட்'டின் இதழ் மஞ்சள், மற்றதில் வழக்கமான சிவப்பு. உங்கள் செடி சிவப்பாகப் பூத்தால் அன்றே லேபிளை மாற்றிவிடலாம். பீச் பழ நிறத்திலோ ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பிலோ பூத்தால் கலப்பினம் என்ற சந்தேகம் வலுக்கும்.

மஞ்சளாகவே பூத்தாலும் பெயர் உறுதியாகிவிடாது. அசல் செடியின் விதையில் முளைத்த பிள்ளையும் மஞ்சளாகப் பூக்கலாம். தோற்றத்தை வைத்து ஒரு பெயரை நீக்க முடியுமே தவிர, நிறுவ முடியாது. ஆகவே விற்றவரிடம் கேளுங்கள்: யாரிடம், எந்த ஆண்டில் வாங்கியது, பிரித்ததா விதையா, தாய்ச்செடி பூத்த படம் உண்டா? பூச்சியுண்ணும் தாவர ரகங்களுக்கான பதிவு அமைப்பு, பன்னாட்டுப் பூச்சியுண்ணும் தாவரச் சங்கம் (ஐசிபிஎஸ்). அதன் பதிவேட்டில் உள்ள விவரணையோடும் படத்தோடும் ஒப்பிடுங்கள். கூகுள் படங்களை நம்ப வேண்டாம், அவற்றில் பாதி உங்களைப் போல் கேள்வியோடு இருப்பவர்கள் போட்டவை. கைமாறிய வரலாறு அறுந்திருந்தால் லேபிளில் 'லூக்கோஃபில்லா, மஞ்சள் பூ, ஷ்னெல்ஸ் கோஸ்ட் என்று வாங்கியது' என்று ஆண்டோடு எழுதுங்கள். பிற்பாடு உங்களிடம் வாங்குபவருக்கு அது உதவும்.

'ஹரிகேன் கிரீக் வைட்' விதை 20 முளைத்திருக்கிறது. நாற்றுகளை அதே பெயரில் விற்கலாமா?
– வாசகர், கோத்தகிரி

கூடாது. மல்கோவாக் கொட்டையில் முளைத்த மரத்தை மல்கோவா என்று யாரும் விற்பதில்லையே. விதைக்குள் இரு பெற்றோரின் குணங்களும் கலைந்து சேர்வதால் நாற்றுக்கு நாற்று மாறும். பெற்றோர் இருவரின் பெயரையும் நடுவே பெருக்கல் குறியோடு எழுதி, 'விதை நாற்று' என்று சேர்த்து விற்பதுதான் நேர்மை.

சிவப்பே இல்லாத பர்பூரியா என்று ஒரு செடி தந்தார்கள். இப்போது பச்சையாகத்தான் இருக்கிறது. எப்படி உறுதி செய்வது?
– வாசகி, நுவரெலியா

பர்பூரியாவும் ஒரு சர்ரசீனியா இனம், அதில் சிவப்பே இல்லாத வகைக்கு ஹெட்டரோஃபில்லா என்று பெயர். நிழலில் எந்தப் பர்பூரியாவும் பச்சைதான். முழு வெயிலில், குளிர்ந்த இரவுகளில் வைத்துப் பாருங்கள், சாதாரணச் செடி சிவந்துவிடும். பிறகு பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் புதுக் குருத்தின் அடியையும் கிழங்கை ஒட்டிய செதில்களையும் பாருங்கள். ஒரு புள்ளி சிவப்பு தெரிந்தாலும் அது ஹெட்டரோஃபில்லா அல்ல. உண்மையானதில் பூவிதழும் மஞ்சளாகவே இருக்கும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் கலந்து பாருங்கள். சிவப்பில்லாமை ஒடுங்கு பண்பு (பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படுவது) என்பதால், ஐயமற்ற பச்சைச் செடியோடு சேர்த்தால் நாற்றுகள் அத்தனையும் பச்சையாக வர வேண்டும். பூ விரிந்த உடனே, மகரந்தம் உதிருமுன் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். குடை போன்ற சூல்தண்டின் ஐந்து முனைகளிலும் உள்ள சிறு கூர்களில்தான் மகரந்தத்தைத் தொட்டு வைக்க வேண்டும். பலர் குடையின் நடுவில் தடவிவிட்டு விதை பிடிக்கவில்லை என்பார்கள். விதையை ஈரப் பாசியில் வைத்து நான்கு வாரம் ஃபிரிட்ஜில் குளிரூட்டி விதையுங்கள். நல்ல வெளிச்சத்தில் நாற்றுப் பருவத்திலேயே நிறம் தெரிந்துவிடும்.

டிஎன்ஏ பரிசோதனை செய்தால் ரகம் தெரிந்துவிடாதா?
– வாசகர், ஸ்கார்பரோ, டொரன்டோ

ஒப்பிட அசல் செடியின் மாதிரி கையில் இருந்தால் மட்டும். அப்போதும் அது 'வேறு செடி' என்பதைத்தான் திட்டவட்டமாகச் சொல்லும். திசு வளர்ப்பில் தோன்றும் சிறு பிறழ்வு வழக்கமான குறியீட்டுப் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். குரோமோசோம் எண்ணிக்கையும் உதவாது, சர்ரசீனியா இனங்கள் எல்லாவற்றுக்கும் 26தான். அந்தச் செலவுக்கு, பெயர் தெளிவான இன்னொரு துண்டையே வாங்கி அருகருகே வளர்த்துப் பார்க்கலாம்.

நர்சரியில் 'காசியானா' என்று நெப்பந்தஸ் (தொங்கும் குடுவைகள் கொண்ட பூச்சியுண்ணும் கொடி) வாங்கினேன். குடுவை நடுவில் இடுப்புப் போல ஒடுங்கியிருக்கிறது. சரியான செடியா?
– வாசகர், கோவை

அந்த இடுப்பு பிலிப்பைன்ஸின் வென்ட்ரிகோசா என்னும் நெப்பந்தஸ் இனத்துக்கு உரியது. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் 'வென்ட்ராட்டா' என்னும் கலப்பினம், எங்கும் மலிவாகக் கிடைப்பது. மேகாலயாவின் காசியானாவின் குடுவை கிட்டத்தட்ட நேர் உருளை, அப்படி நடுவில் ஒடுங்காது. உண்மையான காசியானாவை யாராவது தந்தால் வளர்ப்பில் பெருக்கியதற்கான ஆதாரத்தைக் கேளுங்கள். அது சைட்டிஸ் (அருகும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) முதல் பட்டியலில் உள்ள இனம், இந்திய வனவிலங்குச் சட்டமும் அதைப் பாதுகாக்கிறது.