காளான் பையில் கறுப்பு மை: வானத்திலிருந்து வந்ததா, வைக்கோலிலிருந்து வந்ததா?

கேள்வி: மாதவரத்தில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு சிப்பிக்காளான் வளர்க்கிறேன். போன வாரம் மூன்று பைகளில் ஒரே ராத்திரியில் மெல்லிய சாம்பல் நிறக் குடைகள் முளைத்தன. மறுநாள் சாயங்காலமே கறுப்பு மையாக உருகி வழிந்துவிட்டன. காளான் விண்வெளியிலிருந்து வந்ததுதான், மக்காச்சோளமும் வேற்றுக்கிரகவாசிகள் கொடுத்ததுதான் என்று தம்பி ஒரு வீடியோவைக் காட்டுகிறான். தெருவெல்லாம் பேச்சாகி, வாடிக்கையாக வாங்குபவர்களே தயங்குகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்த மூன்று பைகளையும் கொட்டகையை விட்டு வெளியேற்றுங்கள். தள்ளி ஓரிடத்தில் குழி தோண்டிப் புதைத்துவிடலாம். அதில் முளைத்ததை விற்கவும் வேண்டாம், வீட்டில் சமைக்கவும் வேண்டாம்.

நீங்கள் சொல்லும் அடையாளம் இங்க் கேப் என்கிற களைக் காளானுக்கு அப்படியே பொருந்துகிறது. வைக்கோலிலும் சாணத்திலும் தானாக வளர்வது அது. குடை விரிந்ததும் அதன் அடியில் இருக்கும் மெல்லிய மடிப்புகளை அதுவே கரைத்துக்கொள்ளும். மை கறுப்பாக இருப்பதற்குக் காரணம் அதிலிருக்கும் வித்துகளின் நிறம். ஒரே ராத்திரியில் வந்தது போலத் தெரிந்தாலும், அதன் பூசண இழை பல நாளாக வைக்கோலுக்குள் ஓடியிருக்கும். மொட்டு கட்டும்போதே செல்கள் பெரும்பாலும் தயாராகிவிடும். ஈரம் கிடைத்ததும் பலூன் போல உப்பி எழும்பும். இடி இடித்தால் காளான் பூக்கும் என்று ஊரில் சொல்வார்களே, அதிலும் வேலை செய்வது இடியை விட மழை ஈரம்தான்.

வைக்கோல் சரியாக வேகாததும், ஈரம் கூடிப்போனதும்தான் இது வர முக்கியக் காரணம். பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து வாங்குகிறீர்கள் என்றால், மழையில் நனைந்து கறுத்த வைக்கோல் கட்டுகளை எடுக்காதீர்கள். மாட்டுக் கொட்டகை ஓரம் கிடந்ததும் வேண்டாம். பொன்னிறமான புது வைக்கோலை நறுக்கி, நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் நன்றாக வேகவையுங்கள். அப்புறம் சுத்தமான தரையில் நிழலில் பரப்பி ஆறவிட வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் கையில் ஈரம் தெரியலாம், தண்ணீர் சொட்டக் கூடாது. இந்த ஒன்றில் அவசரப்பட்டுத்தான் பலர் பைகளை இழக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல் காற்றில் ஈரம் சட்டென்று காயாது, பொறுமையாக இருங்கள்.

சரி, தம்பியின் வீடியோவுக்கு வருவோம். காளானின் செல்சுவரில் இருப்பது கைட்டின். காசிமேட்டில் உரித்துப் போடும் இறால் ஓட்டிலும் அதே பொருள்தான் இருக்கிறது. காளானின் மரபணு எழுதப்பட்டிருப்பதும் நமக்கும் நெல்லுக்கும் உள்ள அதே நான்கு வேதி எழுத்துகளில்தான். இன்னும் சொன்னால், உறவுமுறையில் காளான் செடிகளை விட விலங்குகளுக்குத்தான் நெருக்கம். வேறு உலகத்திலிருந்து வந்த ஒன்று இப்படி நம் குடும்ப மரத்தில் கச்சிதமாக உட்காராது.

மக்காச்சோளக் கதை எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கதிரை அப்படியே மண்ணில் விட்டால் முளைகள் நெருக்கியடித்து வீணாகிவிடும், ஆள் இல்லாமல் அது பிழைக்காது, ஆகவே வானத்திலிருந்து வந்தது என்கிறார்கள். ஆள் இல்லாமல் பிழைக்காத நிலைக்கு அதைக் கொண்டுவந்ததே ஆள்தான். அதன் காட்டு மூதாதை மெக்சிகோவின் தியோசிந்தே என்கிற புல். அதன் கதிர் விரல் நீளம்கூட இருக்காது. பத்துப் பன்னிரண்டு மணிதான், ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள் இருக்கும். சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்த உழவர்கள் நல்ல கதிரை விதைக்கு எடுத்துவைத்து, எடுத்துவைத்து மாற்றியது அது.

ஜார்ஜ் பீடில் என்கிற மரபியல் அறிஞர் இதைச் சோதித்தே பார்த்தார். ரொட்டிப் பூஞ்சணத்தை ஆராய்ந்து 1958-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். ஓய்வு பெற்ற பிறகு தியோசிந்தேவையும் மக்காச்சோளத்தையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ 50,000 செடிகளை வளர்த்தார். சுமார் 500-க்கு ஒன்று அசல் தியோசிந்தே போலவும், அதே அளவுக்கு அசல் மக்காச்சோளம் போலவும் வந்தன. நான்கைந்து முக்கிய மரபணுக்கள் மாறினாலே புல் மக்காச்சோளமாகிவிடும் என்று அந்தக் கணக்கு காட்டியது. தம்பியிடம் தியோசிந்தே கதிரின் படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றப் பைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இழை பால் வெள்ளையாகப் பரவி, பச்சைத் திட்டோ கெட்ட வாடையோ இல்லாமல், சிப்பிக்காளான் கொத்தாக வந்தால் தாராளமாக விற்கலாம். தயங்கும் வாடிக்கையாளர்களைக் கொட்டகைக்கே கூப்பிட்டு அறுவடையைக் காட்டுங்கள்.