எதிரணியை எட்டிப் பார்க்கும் பாட்: கிளான் நண்பர்களின் கேள்விகளும் என் பதில்களும்

சிம்மக்கல்லில் ஒரு மொத்த எண்ணெய்க் கடையில் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கடை சாத்திய பிறகு, கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற கைப்பேசி விளையாட்டில் 40-க்கும் மேற்பட்டவர்கள் உள்ள ஒரு கிளானுக்கு, அதாவது ஆட்டக்காரர் கூட்டணிக்கு, தலைவன். எல்லோரும் மதுரைச் சுற்றுவட்டாரத்து ஆட்கள். 2014-ல் இந்த விளையாட்டில் இரண்டு கிளான்கள் மோதும் கிளான் போர் வந்தபோது எதிரணி விவரங்களைப் பழைய பேரேட்டின் பின்பக்கங்களில் எழுதினேன். இப்போது அந்த வேலையை எங்கள் டெலிகிராம் குழுவில் ஒரு சாட்பாட், சுருக்கமாக பாட், செய்கிறது. அதைப் பற்றிப் பக்கத்துக் கிளான்காரர்கள் ஒரு மாதமாகக் கேட்டவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பதில் எழுதினேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன், ஊர் போதும்.

வாடிப்பட்டி, பாலிடெக்னிக் மாணவர்: அண்ணே, பாட் வைத்திருந்தால் கணக்கை முடக்கிவிடுவார்கள் என்று நண்பன் பயமுறுத்துகிறான். உண்மையா?

பதில்: பாதி உண்மை, தம்பி. பாட் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உலவுகிறது. ஒன்று, நீங்கள் தூங்கும்போது உங்களுக்குப் பதிலாக விளையாடிக் கொள்ளையடிக்கும் மென்பொருள். அது விதிமீறல். பிடிபட்டால் கணக்கு போகும், போகட்டும். இன்னொன்று விளையாட்டைத் தொடுவதே இல்லை. ஃபின்லாந்தின் சூப்பர்செல் நிறுவனம் வெளியார் நிரல்களுக்காக ஏபிஐ என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பதிவு செய்து சாவி வாங்கியவர் அந்த வாசலில் நின்று கேட்கலாம். கேட்டு வந்ததை அரட்டையில் சொல்வதுதான் நம் பாட். கீழே நான் எழுதுவதெல்லாம் இந்த இரண்டாம் வகையைப் பற்றி.

திருமங்கலம், மருந்துக் கடை வைத்திருப்பவர்: எதிரியைப் பற்றி அது என்னதான் சொல்லும்? எங்கே கண்ணி வைத்திருக்கிறான் என்று தெரியுமா?

பதில்: தெரியாது. கண்ணி வராது, பேஸின் (எதிரி கட்டிவைத்திருக்கும் ஊரின்) அமைப்பு வராது, கிளான் காசில் என்ற கோட்டையில் ஒளிந்திருக்கும் படையும் வராது. இதையெல்லாம் காட்டுகிறேன் என்று எவராவது பாட் விற்றால் காசைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வருவது இவ்வளவு: எதிரணியில் யார் யார், போர் வரைபடத்தில் எத்தனையாவது இடம், டவுன்ஹால் (பேஸின் முக்கியக் கட்டடம்) எந்த நிலை, யார் யாரை அடித்தார், எத்தனை நட்சத்திரம் (ஒரு தாக்குதலுக்கு மூன்று வரை), எத்தனை சதவீதம் இடிந்தது. (மதுரைக்காரனுக்கு டவுன்ஹால் என்றால் ரயில் நிலையத்திலிருந்து கோயில் பக்கம் போகும் ரோடுதான் முதலில் நினைவுக்கு வரும். எங்கள் குழுவில் இதை வைத்துச் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.) ஒவ்வொருவரின் குறியெண்ணையும் கொடுத்துத் தனியாகக் கேட்டால் ஹீரோக்களின் நிலை, படைகளின் நிலை, வாழ்நாளில் சேர்த்த போர் நட்சத்திரங்கள் ஆகியவையும் வரும்.

பார்ப்பதற்குச் சாதாரணமான தகவல்தான். ஆனால் சேர்த்துப் படிக்க வேண்டும். சென்ற மாதம் 15 பேர் போர். எதிரணியின் மூன்றாம் ஆள் டவுன்ஹால் 14. எங்கள் மூன்றாம் ஆள் அதைப் பார்த்ததுமே தயங்கினார். பாட் கொண்டுவந்த வரியில் எதிரியின் ஹீரோக்கள் பார்பேரியன் கிங் 31, ஆர்ச்சர் குயீன் 34 என்று இருந்தது. அந்த டவுன்ஹாலில் இருவரையும் 80 வரை வளர்க்கலாம். வாசலில் பெரிய தூண் வைத்து உள்ளே கூரை போடாத வீடு மாதிரி, டவுன்ஹாலை மட்டும் அவசரமாக உயர்த்தியவர் அவர். ஹீரோ இளைத்திருந்தால் மதிலும் இளைத்திருக்கும் என்பது என் ஊகம். விளையாட்டைத் திறந்து அவருடைய பேஸைக் கண்ணால் பார்த்தோம். மதிலில் பாதி பழைய நிலையிலேயே நின்றது. டவுன்ஹால் 12 வைத்திருக்கும் எங்கள் எட்டாம் ஆளை அனுப்பினேன். மூன்று நட்சத்திரம். எங்கள் மூன்றாம் ஆளின் இரண்டு தாக்குதல்களும் வேறு இடத்துக்கு மிச்சமாயின.

மேலூர், கிரானைட் பட்டறைத் தொழிலாளி: பாட் எங்கள் கிளானைக் கேட்டால் ‘அனுமதி இல்லை’ என்று சொல்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

பதில்: இல்லை. கிளான் அமைப்புகளில் போர்ப் பதிவு என்று ஒன்று இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்படாவிட்டால் வாசல் திறக்காது. தலைவரோ துணைத் தலைவரோ மாற்றலாம். எதிரி தன் பதிவை மூடி வைத்திருந்தால் கவலை வேண்டாம். நம்முடைய பதிவு திறந்திருந்தாலே, நடக்கிற போரில் அவர்கள் பக்கத்து விவரமும் நம் வழியாக வந்துவிடும். அவர்களுடைய பழைய போர்கள்தான் கிடைக்காது.

ஒத்தக்கடை, லாரி அலுவலக ஊழியர்: பாட் சொல்லும் நேரத்தை நம்பலாமா அண்ணே? எங்களுக்கு எப்போதும் தப்பாகவே வருகிறது.

பதில்: இந்தக் காயம் எனக்கும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று போர் நாள். தல்லாகுளம் பக்கம் கூட்டத்தில் பாதிப் பேர். பாட் ‘போர் முடிவு 15:10’ என்று ஒரு வரி போட்டிருந்தது. கூட்டத்திலிருந்து மீண்டு நான்கு மணிக்குக் கைப்பேசியைப் பார்த்தவர்கள், போர் முடிந்துவிட்டது என்று நினைத்து நீர்மோர்ப் பந்தல் பக்கம் போய்விட்டார்கள். விளையாட்டைத் திறந்திருந்தால் மீதி நேரம் தெரிந்திருக்கும், யாரும் திறக்கவில்லை. பாட் போட்ட அந்த 15:10 உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. உண்மையில் போர் முடிந்தது இரவு 8:40-க்கு. ஒன்பது தாக்குதல்கள் வீணாகின, ஒரு நட்சத்திரத்தில் தோற்றோம்.

தவறு நிரல் எழுதிய என்னுடையது. ஏபிஐ தரும் நேரத்தின் கடைசியில் இசட் என்ற எழுத்து இருந்தால் அது பொது நேரம். 5:30 கூட்டிவிட்டுத்தான் குழுவில் காட்ட வேண்டும். இப்போது எங்கள் பாட் மணியையே சொல்வதில்லை. ‘இன்னும் 2 மணி 20 நிமிடம்’ என்று மட்டும் சொல்கிறது.

உசிலம்பட்டி, பள்ளி மாணவனின் அக்கா: ஏதோ ஒரு பாட் கணக்கை உறுதிசெய்யக் கடவுச்சொல் கேட்கிறது என்கிறான் தம்பி. கொடுக்கலாமா?

பதில்: கூடாது அம்மா. கடவுச்சொல், மின்னஞ்சலுக்கு வரும் எண் எதையும் எந்த பாட்டுக்கும் கொடுக்க வேண்டாம். கணக்கு உங்கள் தம்பியுடையதுதான் என்று காட்ட விளையாட்டிலேயே வழி இருக்கிறது. அமைப்புகளுக்குள் மேலும் அமைப்புகள் என்பதில் ஏபிஐ டோக்கன் என்று ஒரு சிறு எழுத்துத் தொடர் கிடைக்கும். நேர்மையான பாட் அதை மட்டுமே கேட்கும். வேறு எதையாவது கேட்டால் அந்த பாட்டை அன்றே குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.

செல்லூர், தறி மெக்கானிக்: நானே வீட்டுக் கணினியில் பாட் ஓட்டுகிறேன். இரண்டு வாரம் ஓடும், திடீரென்று படுத்துவிடும். என்ன கோளாறு?

பதில்: மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றுதானே படுக்கிறது? நாள்காட்டியைப் பாருங்கள். சூப்பர்செல் தரும் சாவி ஒரு குறிப்பிட்ட இணைய முகவரிக்கு மட்டுமே வேலை செய்யும். கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் மறுபடி இணையும்போது பல வீட்டு இணைப்புகளில் முகவரி மாறிவிடும். பழைய சாவி செல்லாக்காசு. புதிய முகவரிக்குச் சாவி எடுக்கலாம், அல்லது நிலையான முகவரி உள்ள சிறு சர்வரில் மாதவாடகைக்கு ஓட்டலாம். நான் இரண்டாவதைச் செய்கிறேன்.

இன்னொன்று. குழுவில் எல்லோரும் பேசுவதை பாட் கேட்கவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். டெலிகிராமில் பாட்டை உருவாக்கித் தரும் பாட்ஃபாதர், இயல்பாகவே அதன் காதைப் பாதி மூடித்தான் அனுப்புகிறது. சாய்வுக்கோட்டில் தொடங்கும் கட்டளையும் தனக்கு வரும் பதிலும் மட்டுமே அதன் காதில் விழும். அப்படியே விடுங்கள். குழுவில் யார் வீட்டில் என்ன சண்டை என்பது பாட்டுக்குத் தெரிய வேண்டியதில்லை.

அலங்காநல்லூர், மாட்டுத்தீவனக் கடை: நான் விளையாடுவது கிளாஷ் இல்லை; பெரிய வரைபடத்தில் கூட்டணிகள் மோதும் விளையாட்டு. அதற்கும் பாட் உண்டா?

பதில்: நிறுவனம் வாசல் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிராவியன் என்ற பழைய ஜெர்மானிய விளையாட்டு, எந்தக் கிராமம் எங்கே, யாருடையது, மக்கள்தொகை என்ன என்று வரைபடம் முழுவதையும் ஒரு கோப்பாகத் தானே வெளியிடுகிறது. அதன் ஆட்டக்காரர்கள் அதை வைத்தே எவன் வளர்கிறான், எவன் தூங்குகிறான் என்று கணக்குப் போடுவார்கள். உங்களுடையது போன்ற பல விளையாட்டுகளில் அந்த வசதி கிடையாது. அங்கே கூட்டணி ஆட்கள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப, பாட் அதில் உள்ள எண்களைப் படித்துப் பட்டியலிடும். 8-ஐ 3 என்று படிக்கும், கோடியை லட்சமாக்கும். எனவே இரண்டு பேர் அனுப்பிய படங்கள் ஒத்துப்போனால்தான் படை அனுப்புங்கள். படத்தில் எடுத்த நேரமும் இருக்கட்டும். மூன்று மணி நேரம் பழைய படம் நேற்றைய தோசை.

வரைபடத்தைத் தானாக மேய்ந்து தகவல் எடுக்கும் நிரல்களைக் காசுக்கு விற்கிறார்கள். வாடிப்பட்டித் தம்பிக்குச் சொன்ன முதல் வகை அதுதான்.

அண்ணா நகர், கல்லூரி மாணவி: செயற்கை நுண்ணறிவு சாட்பாட்டிடம் எதிரியின் விவரத்தைக் கொடுத்துத் தாக்குதல் திட்டம் கேட்டால் என்ன அண்ணா?

பதில்: கேட்டுப் பார்த்தேன். நல்ல தமிழில், கொஞ்சமும் தயங்காமல், 300 இடம் உள்ள படை முகாமுக்கு 22 டிராகன்களை ஏற்றச் சொன்னது. ஒரு டிராகன் 20 இடம் பிடிக்கும். 15-க்கு மேல் அடங்காது. எண்ணெய்க் கடையில் 15 கிலோ டின்னில் 22 கிலோ ஊற்றச் சொல்கிற ஆளை என்ன செய்வோம்? ஆனால் எங்கள் 30 போர்களின் எண்களைக் கொடுத்து, எந்த நிலை டவுன்ஹாலிடம் நாம் அதிகமாகத் தோற்றோம் என்று கேட்டபோது ஒழுங்காகப் பிரித்துத் தந்தது. பேரேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன். எண்களை நாம் கொடுக்க வேண்டும், அது பிரிக்க வேண்டும். எண்ணையும் அதனிடமே கேட்டால் டின் வழியும்.

வில்லாபுரம், ஆட்டோ ஓட்டுநர்: எதிரி கிளானுக்குள் நம் ஆள் ஒருவனை நுழைத்துவிட்டால் பாட் எதற்கு?

பதில்: எதற்கு நுழைய வேண்டும்? நான் இவ்வளவு காலம் பாட் ஓட்டியதில், எதிரியைப் பற்றித் தெரிந்து வென்ற போர்கள் கொஞ்சம். நம்மைப் பற்றித் தெரிந்து வென்றவைதான் அதிகம்.

தாக்குதல் எந்த நேரத்தில் நடந்தது என்பதை ஏபிஐ சொல்வதில்லை. எத்தனையாவது தாக்குதல் என்ற வரிசைதான் வரும். பாட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதால், புதிதாக ஒன்று தெரிந்த நேரத்தை அதுவே குறித்துவைக்கிறது. ஆறு மாதக் குறிப்பைப் பிரித்துப் பார்த்தேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடையில் இருப்பவர் காலை 11 மணிக்கு முன் ஒருமுறைகூட அடித்ததில்லை. மல்லிகை வரத்து முடிந்த பிறகுதான் அவருக்குக் கை ஓயும். இரவு ஷிப்ட் செவிலியர் ஒருவர் அதிகாலை 3 மணிக்குத்தான் அடிப்பார், அடித்தால் தப்பாது. இவர்களைத்தான் நான் முன்பு ‘பொறுப்பில்லாதவர்கள்’ என்று குழுவில் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது எதிரியின் முதல் மூன்று பேஸ்கள் செவிலியருக்கு. பூக்கடைக்காரருக்கு மதியத்துக்கு மேல் மிச்சமிருக்கும் பேஸ்களைத் துடைக்கிற வேலை.

அடிக்காதவர் பட்டியலை எல்லோர் முன்னாலும் பாட் போடுவதை நிறுத்திவிட்டேன். போர் முடிய நான்கு மணி நேரம் இருக்கும்போது எனக்கு மட்டும் தனியாக அனுப்பும். நான் போன் போட்டு ‘சாப்பிட்டீர்களா’ என்று ஆரம்பிப்பேன். அடிப்பார்கள்.

பேரையூர், பெயர் சொல்ல விரும்பாதவர்: பாட்டுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்?

பதில்: டெலிகிராமில் பாட்டின் பயனர்பெயர் ‘பாட்’ என்றுதான் முடிய வேண்டும், அது அவர்கள் விதி. முன்பாதியில் ‘ஒற்றன்’ என்று கம்பீரமாக வைத்தேன். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. ‘கணக்குப்பிள்ளை’ என்கிறார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியாமல் சில நேரம் நானே பதில் போட்டுவிடுகிறேன்.