ஒயில் மட்டம் சரியாக இருந்தும் தண்ணீர் மெசின் ஏன் தட்டுகிறது?

கோப்பாயில் வெங்காயத்துக்கு இறைக்கிற 5.5 குதிரைவலுப் பெற்றோல் மெசின், கொஞ்ச நேரம் ஓடியதும் டக் டக் என்று தட்டி நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் திரும்பவும் ஸ்ராட் ஆகிறது, ஒயில் கம்பியைப் பார்த்தால் மட்டம் சரியாகத்தான் இருக்கிறது, ஒயில் போதாமல் இப்படி வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரும். கம்பியில் ஒயில் தெரிவது ஒன்று, போக வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேர்வது இன்னொன்று. காரணம் தெரியும் வரைக்கும் அதை இனி ஸ்ராட் பண்ணாதீர்கள். பயிர் வாடுகிறது என்றால் பக்கத்துத் தோட்டத்தாரிடம் மெசின் கேட்டு ஒரு தண்ணீர் இறைத்துக்கொள்ளுங்கள். தட்டுகிற மெசினை ஓட்டினால், கொன்ரோட் (பிஸ்ரனையும் கிராங்கையும் இணைக்கிற தண்டு) முறிந்து, எஞ்சினின் கூடான புளொக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரக்கூடும். அப்படி வந்தால் திருத்த ஒன்றும் மிஞ்சாது.

இந்த 5.5 குதிரைவலு வகையான ஹொண்டா ஜிஎக்ஸ் 160, அதைப் பார்த்துச் செய்த சீன மெசின்கள் எதிலும் ஒயில் பம்ப் கிடையாது. கொன்ரோட்டின் கீழ்த் தொப்பியில் கரண்டி முனை போல ஒரு சின்ன நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் அடியில் கிடக்கும் ஏறக்குறைய 0.6 லீற்றர் ஒயிலை அடித்துத் தெறிக்க வைக்கிறது. நிமிடத்துக்கு 3600 சுற்று ஓடினால் நொடிக்கு 60 தடவை அடிக்கிறது. கிராங், பிஸ்ரன், வால்வுப் பக்கம் எல்லாவற்றுக்கும் அந்தத் தெறிப்புத்தான் ஒயில். கொன்ரோட் அலுமினியம், அது மாட்டியிருக்கிற கிராங் பின் உருக்கு, இரண்டுக்கும் நடுவில் தனி பெயரிங் இல்லை. ஒயில் படலம் அறுந்தால் அலுமினியம் இளகிப் பின்னில் அப்பிக்கொள்ளும், இடைவெளி கூடும், தட்டும். மேலே பிஸ்ரனும் சூட்டில் விரிந்து சிலிண்டரைப் பிடிக்கும். ஆறியதும் விட்டுவிடும். உங்கள் மெசின் ஆறினால் ஓடுவதற்கு இது காரணமாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கிற கொயில் சூட்டில் அறுந்தாலும், ராங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் மெசின் நின்று, ஆறிய பிறகு ஓடும். பிரித்தறிய எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. கடைசியாக நின்றபோது கயிற்றை இழுத்துப் பார்த்தீர்களா? கை கனக்க இறுகி இருந்தால் பிஸ்ரன் பிடித்திருக்கிறது. லேசாகச் சுற்றினால் நின்றதற்குக் காரணம் பிளக் நெருப்பு, பெற்றோல் அல்லது ஒயில் சென்சார். ஆனால் தட்டுகிற சத்தம் அப்போதும் கணக்கில் இருக்கிறது.

அடுத்தது பிளக்கைக் கழற்றிவிட்டு, பிஸ்ரன் பாதி வழியில் நிற்கும்படி வைத்து, ஒரு நல்ல ஈர்க்கைப் பிளக் துளையால் மெல்ல விட்டுப் பிஸ்ரன் தலையில் முட்ட வையுங்கள். இப்போது பிளைவீலைக் கையால் முன்னும் பின்னும் அசையுங்கள். வீல் கொஞ்சம் ஆடிய பிறகுதான் ஈர்க்கு அசைகிறது என்றால் கொன்ரோட் கீழ்முனை தேய்ந்துவிட்டது. பலர் பிஸ்ரனை மேல் உச்சியில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே வீல் ஆடினாலும் பிஸ்ரன் அசையாது, நல்ல மெசினும் பழுதுபோலத் தெரியும்.

அப்புறம் ஒயிலை ஒரு வெள்ளைப் பீங்கானில் இறக்கி வெயிலில் சரித்துப் பாருங்கள். வெள்ளித்தூள் போல மின்னினால், காந்தம் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டாத மினுக்கம் அலுமினியம், அது கொன்ரோட்டும் பிஸ்ரனும் தேய்ந்து வந்தது. ஒரு சொட்டை இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். வழுவழுப்பில்லாமல் தண்ணீர்போல விலகி, மண்ணெண்ணெயோ பெற்றோலோ மணந்தால், உங்கள் கேள்விக்கு விடை அதிலேயே இருக்கிறது. மட்டம் சரியாகக் காட்டியது ஒயில் அல்ல, ஒயிலில் கலந்த எரிபொருள்.

யாழ்ப்பாணத்தில் இதை ஒதுக்கிவிட முடியாது. 1990களில் பொருளாதாரத் தடைக்காலத்தில் மோட்டார் சைக்கிளையே மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. 2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்றபோதும் பலர் இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் கலந்தார்கள். அந்த நாளில் வேறு வழி இருக்கவில்லை, பயிரைக் காப்பாற்றிய கை வேலை அது. ஆனால் பெற்றோலுக்கென்று செய்த எஞ்சினில் மண்ணெண்ணெய் முழுதாக ஆவியாகாது. எரியாத மிச்சம் சிலிண்டர்ச் சுவரைக் கழுவி, றிங்கைத் தாண்டி ஒயிலில் இறங்கும். நீங்கள் இப்போதும் கலந்து ஓட்டினால் ஒயிலை அடிக்கடி மாற்றத்தான் வேண்டும். கலக்காமலே பெற்றோல் மணந்தால் காபரேற்றர் ஊசி சரியாக மூடவில்லை. மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகும்போது பெற்றோல் ரப்பைப் பூட்டாமல் விட்டாலும் இதே கதைதான்.

மணம் எதுவும் இல்லையா? அப்போது மட்டம் பார்த்த விதத்தைச் சந்தேகியுங்கள். இந்த மெசின்களில் கம்பியைத் துடைத்து, மரையில் சுற்றாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும். சுற்றி இறுக்கிப் பார்த்தால் குறைந்த ஒயிலும் சரியான மட்டம்போலக் காட்டும். மெசின் சமதரையில் நிற்க வேண்டும், ஒயில் ஊற்றுகிற வாயின் விளிம்புவரை நிரம்பினால்தான் நிறைவு. கிணற்றடியில் ஈரமான செம்மண்ணில் வைத்தால் ஓடுகிற அதிர்வில் ஒரு கால் புதைந்து சரிந்துவிடும். ஒயில் ஒரு பக்கம் ஒதுங்க, நாக்குக் காற்றை அடிக்கும். ஒரு பலகை போட்டாலே போதும். மட்டம் குறையும்போது தானாக நிறுத்தும் சென்சார் உள்ள மெசினில், “இதுதான் தொந்தரவு” என்று வயரைக் கழற்றிவிடும் பழக்கம் எங்கள் பக்கத்தில் நிறைய. என்னால் இதை ஏற்கவே முடியாது. சோதிக்கக் கழற்றலாம், கழற்றியபடியே தோட்டத்துக்கு அனுப்பக் கூடாது.

திருத்தம் என்றால் பக்க மூடியைத் திறந்து கொன்ரோட்டை எடுக்க வேண்டும். கிராங் பின்னில் அப்பிய அலுமினியத்தை அரத்தால் சுரண்ட வேண்டாம். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கோஸ்ரிக் சோடாக் கரைசலைத் துணிமுனையால் பின்னில் மட்டும் தடவுங்கள், அலுமினியம் நுரைத்துக் கரையும், உருக்கு அப்படியே இருக்கும். புளொக் அலுமினியம், அதில் படவிடாதீர்கள். நன்றாகக் கழுவி, மென்மையான எமரியால் மினுக்கி, லேத் பட்டறையில் மைக்ரோமீற்றரால் அளக்கச் சொல்லுங்கள். கிராங் பின் ஏறக்குறைய 30 மில்லிமீற்றர், வட்டம் கெடாமல் இருந்தால் புதுக் கொன்ரோட் போதும். கீறல் ஆழமென்றால் பின்னைச் சாணை பிடித்து 0.25 மில்லிமீற்றர் சிறிய அளவுக் கொன்ரோட் போடலாம். சீன மெசினுக்கு அந்தச் செலவை நான் செய்யமாட்டேன். கொன்ரோட் போல்ற்றை 12 நியூட்டன் மீற்றருக்கு இறுக்குங்கள், கைக்கணக்கு வேண்டாம். தொப்பி திரும்பாமல் பழைய திசையிலேயே வர வேண்டும். சிலிண்டரில் நகத்தில் தட்டுப்படும் கோடு இருந்தால் பிஸ்ரன், றிங்கையும் பார்க்க வேண்டிவரும்.

திருத்திய பிறகு எஸ்ஏஈ 30 அல்லது 10 டபிள்யூ 30 ஒயில் ஊற்றி, முதல் 20 மணித்தியாலத்தில் மாற்றுங்கள், பிறகு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை. கழிவொயிலைக் கிணற்றடியில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல், ஊற்றியது எல்லாம் கிணற்றுக்குத்தான் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததால் சனம் பட்ட பாட்டை நாங்கள் பார்த்தோம். ஒரு பிளாஸ்ரிக் கானில் சேர்த்துக் கராச்சில் கொடுங்கள்.

ஒயிலை இறக்கிப் பார்த்துவிட்டு மணமும் மினுக்கமும் எப்படி இருந்தது, கயிறு இறுகியதா என்று கீழே எழுதுங்கள். அதை வைத்துப் புளொக்கைத் திறக்க வேண்டுமா, காபரேற்றரோடு முடியுமா என்று சொல்கிறேன்.