ராணுவ வண்டிகளின் கேமராக்களில் இப்போது என்னதான் மாறுகிறது, மெகாபிக்சல் கூடுவது மட்டும்தானா?

மெகாபிக்சல் கூடத்தான் செய்கிறது, ஆனால் அது பெரிய விஷயமில்லை. வண்டிக்குள் யார் யாருக்குப் பார்வை கிடைக்கிறது என்பதுதான் மாறியிருக்கிறது. முன்பெல்லாம் டாங்கியில் நல்ல தெர்மல் கேமரா (வெப்பத்தைப் படமாகக் காட்டுவது) இருந்தால் அது பீரங்கியைச் சுடும் கன்னருக்குத்தான் போகும், கமாண்டரும் டிரைவரும் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். ஆவடியில் தயாராகும் டி-90 பீஷ்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கமாண்டரின் இரவுப் பார்வைக்கு அதில் இருந்தது, அகச்சிவப்பு ஒளியைக் கண்ணுக்குத் தெரியும் படமாக மாற்றும் பழைய இமேஜ் கன்வர்ட்டர் குழாய். அதை மாற்றி 957 டாங்கிகளில் மிட்-வேவ் (நடுத்தர அலைநீள அகச்சிவப்பில் பார்க்கும்) தெர்மல் கேமரா பொருத்த 2022 பிப்ரவரியில்தான் பாரத் எலெக்ட்ரானிக்ஸுடன் 1,075 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். கமாண்டருக்கும் இருட்டில் கண் தெரிந்தால் அவர் ஒரு இலக்கைக் கண்டுபிடித்து கன்னரிடம் விட்டுவிட்டு அடுத்ததைத் தேடப் போய்விடலாம்.

அடுத்த கட்டம், மூடியைத் திறக்காமலே சுற்றிலும் பார்ப்பது. இஸ்ரேலின் மெர்காவா பராக் டாங்கியில் வண்டியைச் சுற்றியுள்ள கேமராக்களின் படம் கமாண்டரின் ஹெல்மெட் கண்ணாடியிலேயே வரும், கவசத்தை ஊடுருவிப் பார்ப்பது போல. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலை திரும்பிக் கொஞ்சம் தாமதமாகப் படம் திரும்பினால் உள்ளே இருப்பவருக்குக் குமட்டிக்கொண்டு வரும், அதனால் அங்கே மெனக்கெடுவதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான். உக்ரைன் போருக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: தரையைப் பார்த்தே பழகிய கேமராக்கள் இப்போது டிரோனுக்காக மேலேயும் பார்த்தாக வேண்டும்.

டிரைவர் கேமராவில் இருக்கும் ஒரு தொல்லை வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நான் மின் பேனல்களை தெர்மல் கேமராவால் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன். எங்கள் கேமரா அவ்வப்போது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும், படம் ஒரு கணம் உறைந்து நின்று பிறகு நகரும். குளிரூட்டி இல்லாத சென்சாரில் பிக்சல்களின் அளவீடு மெல்ல மெல்லத் தடம் மாறும் என்பதால், உள்ளே ஒரு குட்டி ஷட்டர் மூடித் திறந்து அவற்றைச் சமன் செய்கிறது. பேனலுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் இதே வகைக் கேமராவை நம்பி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியில் அரை நொடி உறைந்தால் ஐந்து மீட்டருக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய கணக்கு! அதனால்தான் ஷட்டரே இல்லாமல் மென்பொருளால் சமன் செய்யும் வகைகள் வருகின்றன.

கன்னருக்கான குளிரூட்டிய கேமராவின் பாடு வேறு. வெப்பக் கதிரை உணரும் டிடெக்டரை மைனஸ் 196 டிகிரி வாக்கில் வைக்க ஒரு குட்டி எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கணும், சுவிட்ச் போட்டதும் படம் வராது, அப்புறம் அந்த எந்திரம்தான் முதலில் தேயும். மைனஸ் 120 வாக்கிலேயே நன்றாக வேலை செய்யும் டிடெக்டர்கள் வந்திருப்பது, என்னைக் கேட்டால், இந்தத் துறையின் உண்மையான முன்னேற்றம். பாலைவனத்தில் அந்த எழுபத்தைந்து டிகிரி வாக்கிலான வித்தியாசம் பெரிய நிம்மதி.

சரி, தெர்மல் இருந்தால் எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம் இரும்பும் மண்ணும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும், படத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கரைந்துவிடும். அந்த நேரத்துக்காகத்தான் மங்கிய ஒளியில் பார்க்கும் சாதாரணக் கேமராவின் படத்தையும் தெர்மல் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து காட்டுகிறார்கள்.

லென்ஸ் விஷயமும் சும்மா இல்லை. சாதாரணக் கண்ணாடி வழியாக வெப்பக் கதிர் போகாது, ஜன்னல் முன் தெர்மல் கேமராவைப் பிடித்தால் வெளியே இருக்கும் மரம் தெரியாது, உங்கள் உருவம்தான் தெரியும். அதனால் லென்ஸுக்கு வெப்பக் கதிரை உள்ளே விடும் ஜெர்மானியம் வேண்டும், அதில் பெரும்பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டிலிருந்து அதை ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டும் என்று அவர்கள் சொன்ன பிறகு, வெப்பக் கதிரை உள்ளே விடும் சால்கோஜெனைடு என்ற தனிவகைக் கண்ணாடி லென்ஸ்களுக்கு மவுசு கூடியிருக்கிறது.