மாஸ்டா எம்எக்ஸ்-5: 3000 சுற்றில் வரும் முழக்கம்

உங்கள் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் புது எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) மாட்டியபின், எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது மட்டும் காதடைக்கிறது என்கிறீர்கள். அந்தக் குழாயைக் கழற்ற வேண்டாம். மஃப்ளருக்கு (ஒலியடக்கிக்கு) முன்னால் ஒரு கிளைக்குழாய் வைத்தால் போதும். அந்த முழக்கம் ஒத்ததிர்வு (ஓர் ஒலிக்கு இன்னொன்றும் சேர்ந்து அதிர்வது), வாயுவோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 3000 சுற்றுக்கு நொடிக்கு 100 துடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். அந்த ஒலியைக் காரின் உட்கூடு வாங்கிப் பெருக்குகிறது. முனை மூடிய, ஏறக்குறைய ஒரு மீட்டர் கிளைக்குழாயைப் பற்றவைத்தால், அதற்குள் போய்த் திரும்பும் அலை எதிர்க்கட்டத்தில் (மேட்டுக்குப் பள்ளமாக) வந்து அந்த ஒலியை மட்டும் அடக்கிவிடும். கிளைக்குள் வாயு ஓடாததால் ஓட்டமும் குறையாது. உயர் சுற்றில் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உறுமலும் அப்படியே இருக்கும்.

முதலில் ஒரு சோதனை: 3ஆம் கியரிலும் 6ஆம் கியரிலும் 3000 சுற்றுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டிலும் முழங்கினால் எக்ஸாஸ்ட்தான். வண்டியின் வேகத்தோடு மாறினால் டயரையோ பேரிங்கையோ சந்தேகியுங்கள். அடியில் குழாய் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள். சூட்டைத் தடுக்கும் தகட்டில் உரசியதைக் கவனிக்காமல் நான் ஒரு வார இறுதியையே வீணாக்கினேன்!

வாயுவின் சூட்டைப் பொறுத்துச் சரியான நீளம் மாறும். ஆகவே முதலில் கிளாம்ப் போட்டு ஓட்டிப் பார்த்தபின் பற்றவையுங்கள். நீங்கள் இருக்கும் பிரிட்டனில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை (புகையின் நச்சைக் குறைக்கும் பாகத்தை) எடுத்துவிட்டால் எம்ஓடி என்னும் ஆண்டு வாகனச் சோதனையில் தேறாது. மாற்றத்தை இன்ஷூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள்.